ஜாக்கெட்டுக்கு அபராதம் போடும் முன்: குமரி மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் மட்டும் போதாது, ஜாக்கெட், கையுறை, முட்டிக்கவசம், பூட்ஸ் எல்லாவற்றையும் சட்டமாக்க வேண்டும் என்ற பேச்சு நம் மாவட்டத்தில் அவ்வப்போது கிளம்புகிறது. நான்குவழிச் சாலையிலோ மார்த்தாண்டம் பாலத்திலோ ஒரு கல்லூரிப் பையன் போய்விட்டால் டீக்கடை முதல் சர்ச் வாசல் வரை ஒரு வாரத்துக்கு இதுதான் பேச்சு. பிறகு அடங்கிவிடும். அது அடங்கியிருக்கிற நேரம் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சாவு வீட்டுச் சூட்டில் எழுதினால் எல்லாரையும் பிடித்து உள்ளே போடச் சொல்லத் தோன்றும்.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் தக்கலை பக்கம். வேலை பார்த்த காலத்தில் பெரும்பங்கு அவசரப் பிரிவிலும் புண் கட்டும் அறையிலும் போயிற்று. அதனால் ரோட்டில் ஒரு பைக்கைப் பார்த்தாலும் எனக்கு முதலில் ஓட்டுகிறவரின் கையும் காலும்தான் கண்ணில் படும். அந்தச் சாய்வு இந்த மடலில் இருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு உடுப்பு பலன் தரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அதை வழியில் மறித்து அபராதம் எழுதும் சட்டமாக ஊர் முழுக்கக் கொண்டுவர வேண்டாம் என்கிறேன். சம்பளமோ கமிஷனோ கொடுத்து இன்னொருவரை வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே, கட்டாயத்தை அவர்கள்மேல் வையுங்கள். அதிலும் கையுறையும் காலணியும் முதலில். இந்த மாவட்டத்தில் அப்படி அனுப்புகிற பெரிய முதலாளி அரசாங்கம் என்பதால் அரசாங்கத்திலிருந்தே தொடங்குங்கள்.

ஏன் கையும் காலும் என்றால், விழுகிறவர் முதலில் கையை ஊன்றுகிறார். யோசித்து ஊன்றுவதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. ஆக முதலில் உள்ளங்கை. பிறகு முட்டி, முழங்கை, தோள். வண்டி காலின்மேல் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனால் கணுக்கால். கூட வந்தவர், "வண்டி சறுக்கிட்டு சிஸ்டர், தொலிதான் போயிருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்பார். எலும்பு முறியவில்லை என்றால் நம் ஊரில் அது காயமே கிடையாது.

அந்தத் தொலி போன கையை மேசைமேல் வைத்து, விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்க்க வேண்டும். சதைக்குள் தார்ப்பொடி இருக்கும், மணல் இருக்கும், டாரஸ் என்கிற பெரிய டிப்பர் லாரிகள் வளைவுக்கு வளைவு கொட்டிவிட்டுப் போகிற பாறைப்பொடி இருக்கும். அதை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். மரத்துப்போகிற ஜெல்லைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, சலைனை ஊற்றி ஊற்றி, நனைத்த காஸ் துணியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் தேய்த்து எடுப்போம். ஜெல் போட்டாலும் எரியும். மீசை வைத்த ஆட்களே, "போதும் சிஸ்டர், மிச்சம் தானா ஆறிக்கிடும்" என்று கையை இழுப்பார்கள். பாவம் பார்த்து விட்டால் மேலே தோல் மூடிவிடும், துகள் உள்ளேயே நின்றுவிடும். பச்சை குத்தினதுபோல நீலக் கறுப்பாக ஆயுசுக்கும் கிடக்கும், இல்லையென்றால் சீழ் வைத்துத் திரும்ப வரும். அதனால் விடமாட்டோம். பிறகு டெட்டனஸ் வராமல் இருக்க டி.டி. ஊசி, களிம்பு, கட்டு. மறுநாள் கட்டுப் பிரிக்கையில் புண்ணோடு ஒட்டிக்கொண்ட துணியை நனைத்து நனைத்து எடுப்பது தனிப் பாடு.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருக்கிற தடித்த தோல் உடம்பில் வேறெங்கும் கிடையாது. ஆழமாகப் போய்விட்டால் தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டலாம், ஆனால் பழைய உறுதியும் தொட்டால் தெரிகிற உணர்வும் அப்படியே வராது. கணுக்கால் இன்னும் மோசம். அங்கே எலும்பை மூடச் சதையே கிடையாது, தோல் போனால் எலும்பு வெளியே வந்துவிடும். வெறும் எலும்பின்மேல் ஒட்டுத்தோல் பிடிக்காது. பக்கத்துச் சதையோடு சேர்த்துத் திருப்பி மூட வேண்டும், அதற்கு பிளாஸ்டிக் சர்ஜன் வேண்டும். அந்த ஆளுக்குச் சர்க்கரையும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். செருப்புக் காலோடு விழுந்து கணுக்காலில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண்ணோடு வந்தவர், பிறகு காலில் பாதியை இழந்து வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர் ஒருவருக்கு வலது உள்ளங்கை முழுக்கப் போயிருந்தது. விடியும் முன் ரப்பர் விளைக்கு, அதாவது தோட்டத்துக்கு, போகிற வழி, மழை ஈரம், மணலில் சறுக்கல். அவ்வளவுதான் விபத்து, எதிரே ஒரு வண்டிகூடக் கிடையாது. கை இல்லாமல் கத்தியை எங்கே பிடிக்க? "எப்ப சிஸ்டர் கத்தி பிடிக்கலாம்?" என்று ஒவ்வொரு கட்டுக்கும் கேட்பார். புண் ஆறுவதற்குள் அந்த விளைக்கு வேறு ஆள் வெட்டப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வருகிற எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்கமாட்டார்கள். எதிராளி இல்லாத விபத்துக்கு யாரும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. புறநோயாளிச் சீட்டோடு முடிந்துவிடும். 2022 இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. நூற்றில் 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. சாவை எண்ணத் தெரிந்த அளவுக்குக் கையை எண்ண நமக்குத் தெரியவில்லை.

2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் நல்ல திட்டம். முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் காசில்லாமல் கொடுத்து எத்தனையோ உயிரைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகுதான் நான் சொல்கிற கதையே ஆரம்பிக்கிறது. நாளுக்கு ஒரு கட்டு, அதற்கு ஆட்டோ கூலி, கூட வருகிறவரின் சம்பள இழப்பு, வட்டிக்கு வாங்கின பணம்.

சரி, உடுப்பு இதில் எவ்வளவைத் தடுக்கும்? ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் என்பவரும் அவர் குழுவும், கான்பெராப் பகுதியில் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளை ஆராய்ந்து 2011 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பைக்குக்கென்றே தைத்த கையுறை போட்டிருந்தவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, போடாதவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய 40 விழுக்காடுதான். பைக் பேன்ட் போட்டவர்களுக்கு ஏறக்குறைய பாதி. ஜாக்கெட்டுக்குக் கிடைத்த பலன் இவ்வளவு இல்லை, ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ் போட்டிருந்தாலே, ஷூ போட்டவர்களைவிடப் பாதத்தில் காயம்படும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஷூவோடு ஒப்பிட்டே அப்படி என்றால், நம் ஊர் வார்ச்செருப்போடு ஒப்பிட்டால் என்ன வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அதே கட்டுரை இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. உடுப்புக் கடைக்காரர்கள் அதைச் சொல்லமாட்டார்கள். கவசம் வைத்த உடுப்பு போட்டதால் எலும்பு முறிவு குறைந்ததாகத் தெரியவில்லை. அடுத்து, விபத்தில் சிக்கிய ஜாக்கெட், பேன்ட், கையுறைகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் கிழிந்தும் பிய்ந்தும் பயனில்லாமல் போயிருந்தது. கெடுபிடியுள்ள ஆஸ்திரேலியச் சந்தையில் வாங்கிய உடுப்புக்கே அந்தக் கதி. அதன்பிறகுதான் அங்கே 2018 இல் மோட்டோகேப் என்று அரசு அமைப்புகள் சேர்ந்து உடுப்புகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். வெயிலில் போட்டால் எவ்வளவு புழுங்கும் என்பதற்கும் அதில் தனி மதிப்பெண் உண்டு. நமக்கு வேண்டிய மதிப்பெண் அது.

கட்டாயமாக்கிய நாடுகளும் உண்டு. பெல்ஜியத்தில் 2011 முதல் கையுறை, நீளக்கை மேலுடுப்பு, முழுக்கால் உடுப்பு, கணுக்காலை மூடும் காலணி எல்லாம் கட்டாயம். பிரான்சில் 2016 நவம்பரில் கையுறையை மட்டும் கட்டாயமாக்கினார்கள், பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து. பணக்கார நாடு, குளிர் நாடு, அவர்களே கையுறையோடு நிறுத்திக்கொண்டார்கள் பாருங்கள்.

இங்கே அதைச் சட்டமாக்கினால் என்ன நடக்கும் என்று ஊகிக்கவே தேவையில்லை. ஹெல்மெட்டில் நடந்ததைப் பார்த்தோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூனில் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. ஹெல்மெட் நல்லது என்பதில் இரண்டு கருத்து இல்லை. சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று உலக ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் மதிப்பாய்வு 2008 லேயே சொல்லிவிட்டது. அப்படிப்பட்ட ஹெல்மெட் இன்றைக்கு நம் ரோட்டில் எங்கே இருக்கிறது? முழங்கையில் தொங்குகிறது, கண்ணாடியில் மாட்டியிருக்கிறது, பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்திருக்கிறது. தலையில் இருந்தால் பாதி நேரம் சட்டிபோல் ஒன்று, வார் கட்டாமல். வாரால் இறுக்கியிருக்க வேண்டும் என்று சட்டத்தின் 129 ஆம் பிரிவே சொல்கிறது. வார் கட்டாத ஹெல்மெட் விபத்தில் ஆளுக்கு முன்னால் பறந்து போய்விடும், தலை தனியாகத்தான் தரையில் விழும். அபராதத்துக்குப் பயந்து வாங்கினது அபராதத்தைத்தான் தடுக்கும்.

ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கினால் அடுத்த மாதமே பேருந்து நிலைய நடைபாதையில் ஸ்பாஞ்ச் தைத்த ஜாக்கெட் மலிவு விலைக்கு வந்துவிடும். நல்ல கவசத்துக்கும் ஸ்பாஞ்சுக்கும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐரோப்பியத் தரப்படி முட்டி, முழங்கைக் கவசத்தின்மேல் 50 ஜூல் ஆற்றலோடு இரும்பு எடையைப் போட்டுப் பார்ப்பார்கள். அடியின் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் உள்ளே இறங்கக்கூடாது, இரண்டாம் நிலைக் கவசம் என்றால் 20. இதை வெயிலில் நிற்கிற ஒரு போக்குவரத்துக் காவலர் எப்படிச் சோதிப்பார்? கறுப்பாக இருந்தால் விட்டுவிடுவார். அவர்மேல் குற்றமும் இல்லை.

அடுத்தது நம் சீதோஷ்ணம். இங்கே வெயிலைவிட வியர்வைதான் ஆளைக் கொல்லும். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும், அது விட்ட கையோடு வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். நனைந்த தடித்த துணி இங்கே மூன்று நாளானாலும் காயாது, பூசணம் பிடிக்கும். ஒரே ஒரு ஜாக்கெட் வைத்திருப்பவர் ஈரத்தோடு போடுவாரா, அபராதம் கட்டுவாரா? நல்ல ஜாக்கெட் ஒன்று ஆறாயிரம், எட்டாயிரம் என்று போகிறது. ஹெல்மெட்டுக்கே 2017 இல் ஜிஎஸ்டி வந்தபோது 18 விழுக்காடு வரி போட்ட நாடு இது.

கன்னியாகுமரியில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் போதும். காஷ்மீரில் கிளம்பி 44 ஆம் எண் நெடுஞ்சாலை முழுக்க ஓட்டி வந்த பையன்கள், முட்டியும் முதுகும் கவசம் வைத்த உடுப்போடு கடலுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல பையன்கள், விவரமாக உடுத்தியிருக்கிறார்கள், பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸெல்லில் போவார். அந்தப் பையன்கள் வாழ்நாளில் ஒரு தடவை ஓட்டுகிற தூரத்தை இவர் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஊர்த் தெருக்களுக்குமாக மாதாமாதம் ஓட்டித் தீர்க்கிறார். கட்டாயச் சட்டம் வந்தால் மாட்டுகிறவர் இவர். விழுந்தால் தாங்கிக்கொள்ள வழியில்லாதவரும் இவர்தான்.

"என் உடம்பு, என் இஷ்டம்" என்று வாதாடுகிறவர்களோடு நான் சேரவில்லை. அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 1988 லேயே ஆந்திரா ஹெல்மெட் வழக்கில் தள்ளிவிட்டது. விழுந்தவரைச் சுமப்பது குடும்பமும் அரசு ஆஸ்பத்திரியும்தான், அதனால் கேட்க நமக்கு உரிமை உண்டு. யாரிடம் கேட்பது என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் பேச்சு.

போடுகிறவரிடம் விட்டுவிடாமல் செய்கிறவரிடம், அனுப்புகிறவரிடம் கேட்ட இடங்களில் காரியம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பைக்கின் பின்சக்கரத்தில் பாதியை மூடித் தடுப்பு இருக்க வேண்டும், பின்னால் இருப்பவருக்குப் பிடியும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 தயாரிப்பாளரிடம் சொல்லியது. அந்தச் சாரி கார்டு எத்தனை முந்தானையை, எத்தனை சுடிதார் துப்பட்டாவை, எத்தனை குழந்தையின் குதிகாலைக் காப்பாற்றியது என்று எங்களுக்குத் தெரியும். அழகுக்காக ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றிப் போட்ட வண்டியில் வந்த பிள்ளையின் குதிகாலைத் தைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கெல்லாம் 2019 ஏப்ரல் முதல், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ் பிரேக் கட்டாயம். அதற்காக ஒரு போலீஸ்காரர் ஒரு வண்டியையாவது கைகாட்டி நிறுத்த வேண்டி வந்ததா?

இனி நம் மாவட்டத்தில் யார் யாரை அனுப்புகிறார்கள் என்று பார்ப்போம். கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் போகிறார். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே கொண்டுபோகிற பெண்கள் வண்டியில்தான் போகிறார்கள். மின்வாரிய வயர்மேன் ராத்திரி மழையில் போகிறார். அவருக்குக் கம்பத்தில் ஏற ஷாக் அடிக்காத கையுறை உண்டு, கம்பம் வரைக்கும் போகிற வழிக்குக் கிடையாது. கால்நடை ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், வேளாண்மை உதவி அலுவலர், காவலர்கள், எல்லாருக்கும் பெட்ரோல் படி உண்டோ இல்லையோ, கையுறை கிடையாது. 1984 முதல் இங்கே அரசு ரப்பர் கழகம் நடக்கிறது. அதன் தோட்டங்களுக்கு விடியும் முன் வண்டியில் வருகிற தொழிலாளிக்கு அரசே முதலாளி.

இவர்களுக்கு நான் கேட்பது விண்வெளி உடுப்பு இல்லை. உள்ளங்கையில் தோல் வைத்துத் தைத்த, காற்றுப் போகிற கையுறை. கணுக்காலை மூடுகிற, முன்னும் பின்னும் உறுதியான காலணி. மழைக்கு ஒரு ஜோடி, வெயிலுக்கு ஒரு ஜோடி. சீருடையோடு சேர்த்து வருடாவருடம் கொடுங்கள், கொடுத்த பிறகு போடாமல் வேலைக்குக் கிளம்பக்கூடாது என்று ஆணை போடுங்கள். அங்கே கட்டாயம் நியாயமானது, ஏனென்றால் பொருளை வாங்கித் தருகிறவரே உத்தரவும் போடுகிறார். கிளவுஸ் போட்டால் ஆக்ஸிலரேட்டர் பிடிப்பு சரியில்லை, போன் எடுக்க முடியவில்லை என்று முதல் மாதம் முணுமுணுப்பு வரும். போன் எடுக்க முடியாததை நான் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அடுத்தது சாப்பாடும் பார்சலும் கொண்டுபோகிற பையன்கள். நாகர்கோவிலில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பார்த்தால் கம்பெனி பெயர் போட்ட பெட்டியும் பனியனும் பளிச்சென்று இருக்கும், காலில் செருப்பு இருக்கும். விளம்பரத்துக்கு வேண்டிய துணி கொடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கையுறை கொடுக்கவும் தெரியும், கேட்க ஆள் வேண்டும். இவர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலைக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு 2018 இல் வந்த ஸ்கூட்டர் திட்டத்தில் பாதி விலை அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் இருந்தது. வண்டிக்குக் கொடுக்கிற கை, அதே ரசீதில் ஒரு ஜோடி கையுறைக்கும் காலணிக்கும் கொடுத்தால் என்ன? இதை மாநிலத்துக்கு எழுதி அனுப்ப மாவட்ட ஆட்சியரால் முடியும். கூரியர், கடன் வசூல், பால் விநியோகம் செய்கிற நிறுவனங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசவும் முடியும். அரசு ஒப்பந்தம் எடுக்கிறவர்களாக இருந்தால் டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடலாம், பேச்சுகூடத் தேவையில்லை.

முதலாளியே இல்லாதவர்கள் கதை கஷ்டம். அஞ்சாறு விளைகளில் மாறி மாறி வெட்டுகிற பால்வெட்டுக்காரருக்கும் மீன் விற்கிறவருக்கும் யார் கொடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நான் சொல்கிற வழி அவர்களை முழுதாக எட்டாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் இருக்கின்றன, மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் வெட்டுவதற்காக மரத்துக்குப் பிளாஸ்டிக் மழைமறைப்புக் கட்ட ரப்பர் வாரியம் உதவித்தொகை கொடுத்திருக்கிறது. மரத்தின் பட்டைக்குக் கொடுத்ததை வெட்டுகிறவரின் தோலுக்கும் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பால்வெட்டுக்காரர்கள் வீட்டிலேயே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவதால் அதற்குமேல் ஹெல்மெட் ஏறுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். விளைக்குப் போய்க் கட்டிக்கொள்ளச் சொல்ல ஒரு சங்கக் கூட்டம் போதும், அபராதம் வேண்டாம்.

இன்னொரு கட்டாயமும் பாக்கி இருக்கிறது, அது ரோட்டுக்கும் லாரிக்கும் ஆனது. உடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டாரஸ் சக்கரத்துக்கு அடியில் அது வெறும் துணி. தார்ப்பாய் மூடாமல் பாறைப்பொடி கொண்டுபோகிற லாரி, வளைவில் சிந்தியதை நாள் கணக்கில் கூட்டாமல் விட்டிருக்கிற துறை, மழைக்கு முன் மூடாமல் மழையில் குளமாகிற பள்ளம், இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு வழுக்கி விழுகிறவரிடம் நீ ஏன் கவசம் போடவில்லை என்று கேட்க எந்தச் சட்டத்துக்கும் முகம் இருக்காது. களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை எந்தெந்த வளைவில் பொடி சேர்கிறது என்று 108 ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களைக் கேட்டாலே வரிசையாகச் சொல்வார்கள்.

புது வண்டி விற்கும்போதே தரமான ஹெல்மெட் ஒன்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 இருக்கிறது. நம்முடைய டிஎன் 74, டிஎன் 75 பதிவுகளில் அது ஒழுங்காக நடக்கிறதா என்று ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள். இருக்கிற கட்டாயத்தை ஷோரூம் வாசலில் நிறைவேற்றினாலே நடைபாதைச் சட்டி ஹெல்மெட் வியாபாரம் பாதி படுத்துவிடும்.

இந்த மடலின் நகலைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் தந்து ரசீது வாங்கிக்கொள்கிறேன். மாவட்டத்தில் எத்தனை கிராம சுகாதாரச் செவிலியர்கள், எத்தனை மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் சொந்த வண்டியில் களப்பணிக்குப் போகிறார்கள் என்ற கணக்கைச் சுகாதாரத் துறையிடம் கேட்டால் ஒரு நாளில் எடுத்துத் தந்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கணக்கையும், அத்தனை பேருக்குக் கையுறையும் காலணியும் வாங்க என்ன செலவாகும் என்பதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த அளவுக் கையுறை எத்தனை வேண்டும் என்று எடுக்க ஆள் இல்லையென்றால் நானும் என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேரும் வந்து எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தக்கலை.